மூன்று நாளில் பாய்லர் ஆறாது: டெல்டா அரிசி ஆலை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமார்களுக்கு,

குறுவை நெல் வருவதற்கு முன்னால் பத்து நாள், நெல் புழுக்கவும் உலர்த்தவும் ஆவி தருகிற பாய்லரை அணைத்துத் திறந்து பழுது பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். இந்த ஆண்டிலிருந்து அதை மூன்று நாளாகக் குறைத்துக்கொள்வது என்று நீங்கள் சிலர் கூடிப் பேசி முடிவு செய்திருப்பதாக, இன்னும் வேலையில் இருக்கும், பாய்லர் தீயைப் பார்க்கிற பயர்மேன் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். இரவு ஷிப்டுக்குச் சான்றிதழ் வாங்கிய ஆள் வேண்டாம், உமி தள்ளுகிறவனே அழுத்தம் காட்டும் முள்ளையும் பார்த்துக்கொள்வான் என்றும் பேச்சு நடந்ததாம். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே மூன்று ஆலைகளில் முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவன் நான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த மூன்று நாள் கணக்கு. உமி அடுப்பை இன்று மாலை அணைத்தால், சுற்றியிருக்கும் தீச்செங்கல் நாளை மாலை வரைக்கும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஏற்றினால், புகை போகும் டியூபுகளைத் தகட்டில் விரித்துப் பொருத்திய இடமெல்லாம் சுருங்கி, அடுத்த வாரம் கண்ணீர் விடும். தானாக ஆறுவதற்கே இரண்டு நாள் போய்விடும். மூன்றாம் நாள் ஆள் இறங்குகிற மேன்ஹோலைத் திறந்து, அன்றைக்கே மூடி, அன்றைக்கே தீ போட வேண்டும். அப்படியென்றால் உள்ளே யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. முன்பக்கக் கதவுக்கு அலுமினியப் பெயிண்ட் அடிக்க மட்டும் நேரம் இருக்கும். அதை நான் நிறையவே அடித்திருக்கிறேன். அரசு பாய்லர் ஆய்வாளர் வருகிற வாரத்தில் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் அந்த வாசனைதான் முதலில் வரும்.

"அதான் வருஷா வருஷம் ஹைட்ராலிக் டெஸ்ட் பண்ணிச் சான்றிதழ் வாங்குகிறோமே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த டெஸ்ட் அன்று என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்கள்? பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே பம்ப் அடித்து ஏற்றுவோம். அவ்வளவு ஏற்றினால், அழுத்தம் மிஞ்சும்போது ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும் அல்லவா? அதனால் அதைக் கழற்றிவிட்டு வாயைத் தட்டுப் போட்டு அடைத்துவிடுவோம், இல்லாவிட்டால் தூக்காதபடி இறுக்கிப் பிடித்து வைப்போம். ஆக, டெஸ்ட் நடக்கும்போது பாய்லரைக் காப்பாற்றுகிற சாமானே வேலையில் இல்லை. ஷெல் என்கிற வெளிக்கூடும் டியூபும் ஒழுகவில்லை என்பதைத்தான் அந்த டெஸ்ட் சொல்லும். வால்வு தூக்குமா, நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் பொய் சொல்கிறதா, பீட் பம்ப் நடுராத்திரியில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுமா, புகையை இழுக்கிற ஐடி ஃபேன் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் அது சொல்லாது. அப்புறம் தீ போட்டு, ஆவி ஏற்றி, வால்வைத் தூக்க வைத்துப் பார்த்து, அதே இடத்தில் சீல் வைக்க வேண்டும். மூன்று நாளில் அடிபடப் போவது அந்த இரண்டாம் பாதிதான்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

மாசி மாதம். சம்பா நெல் லாரி லாரியாக வந்து நிற்கிறது. மணிக்கு இரண்டு டன் ஆவி தரும் பாய்லர், வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ. அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 185 டிகிரி பக்கம் இருக்கும். மணி இரண்டு, இரண்டரை. டிரையர் எலிவேட்டரில் பெல்ட் அறுந்து டிரையர் நின்றுவிட்டது. புழுக்குகிற தொட்டியிலும் அப்போதுதான் ஒரு சரக்கு இறங்கி, அடுத்தது ஏறவில்லை. ஆவி வாங்க ஆளே இல்லை. அடுப்பில் மட்டும் உமி தகதகவென்று எரிகிறது. முள் பத்தைத் தாண்டியது. சரி, இப்போது வால்வு ஊதும், ஊர் நாயெல்லாம் குரைக்கும் என்று நிற்கிறேன். பத்தரையில் ஊதவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஊதவில்லை. இரண்டு வால்வு இருக்கிறது, இரண்டுமே ஊமையாக நிற்கிறது. உமி ஊட்டுகிற மோட்டாரை நிறுத்தி, இரண்டு ஃபேனையும் அணைத்து, காலித் தொட்டிக்குப் போகிற ஸ்டீம் லைனை முழுக்கத் திறந்துவிட்டேன். முள் பன்னிரண்டைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கியது. உமித் தீயை விறகுத் தீ மாதிரி இழுத்து வெளியே போட முடியாது. அது தானாகத் தணிகிற வரைக்கும் தொட்டியில் ஆவி வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேல் துண்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் இரண்டையும் கழற்றினோம். ஒன்றில் தண்டு சுண்ணாம்புப் படிவில் சிக்கி அசையவே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம். இன்னொன்றில் சீல் கம்பி புதிதாக மின்னியது. ஸ்பிரிங்கை இரண்டு மரை கூடுதலாக இறக்கி, அடியில் ஒரு வாஷரும் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். அவரும் என்னைப் போலச் சம்பளக்காரர்தான், பிள்ளை குட்டிக்காரர். அந்த வால்வு ஒரு மாதமாகச் சீறிக்கொண்டே இருந்தது. உட்காரும் இடம் தேய்ந்தால் வால்வு அப்படித்தான் சீறும். கழற்றித் தேய்க்க ஒரு நாள் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. "ஆவி வீணாகுது, உமி வீணாகுது" என்று ஆபீஸிலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சத்தம் நிற்பதற்காக வால்வை இறுக்கினார். பத்து நாளை மூன்றாக்கினால் இந்த வாஷர் வேலை எல்லா ஆலையிலும் நடக்கும். செய்யச் சொல்லி நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் வெளிக்காற்றில் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஷெல் கிழிந்தால் உள்ளே இருக்கும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் அப்படி விரியும். பக்கத்தில் சாக்குத் தைக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். களத்தில் நெல் கிளறுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு.

சேஃப்டி வால்வைத் தேய்ப்பது எப்படி என்று பார்த்தால், ஒரு நாள் ஏன் கேட்கிறோம் என்று புரியும். தட்டையும் அது உட்காரும் இடத்தையும் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். கண்ணாடிப் பலகையில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, தட்டை அதன்மேல் எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். வட்டமாகவே தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துபோகும். முதலில் முரட்டுப் பேஸ்ட், அப்புறம் நைஸ், கடைசியில் வெறும் எண்ணெய். துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஒரே மாதிரி மங்கலான வளையம் தெரிய வேண்டும். எங்காவது ஒரு மயிரிழை அறுந்திருந்தால் திரும்ப முதலிலிருந்து. நல்ல ஆளுக்கே ஒரு வால்வுக்கு அரை நாள் ஆகும். செலவு? எங்கள் ஆலையில் இரண்டு வால்வையும் ஸ்பிரிங் மாற்றிச் சரி செய்ததற்கு ஒரு லாரித் தவிட்டு விலைகூட ஆகவில்லை.

கேஜ் கிளாஸுக்கு வருகிறேன். பாய்லருக்குக் கண் அதுதான். இரண்டு வைக்க வேண்டும் என்று விதி இருப்பதற்குக் காரணம், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்பது. நான் பார்த்த பாதி ஆலைகளில் இரண்டாவது கண்ணாடி உடைந்து, அதன் திருகுகுழாயை (காக்) மூடிவிட்டு, ஒன்றை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது: கண்ணாடியில் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் படம் மாதிரி நின்றால் நம்பாதே, ஏதோ ஒரு காக் அடைத்திருக்கிறது. அடைத்த கண்ணாடியில் தண்ணீர் நிறைய இருப்பதாகத்தான் தெரியும், உள்ளே உலைக்குழாய் வெறுமையாக வெந்துகொண்டிருக்கும். அப்போது பயந்துபோய்ப் பம்பைப் போட்டால் கதை முடிந்தது. தண்ணீர் விடாமல் முதலில் தீயைக் கொல்ல வேண்டும். இதை உமி தள்ளுகிறவன் எங்கே கற்றுக்கொள்வான்? ஷிப்டுக்கு ஒரு தடவை ஆவிக் காக்கையும் தண்ணீர்க் காக்கையும் மாற்றி மாற்றி அடைத்து ஊதிப் பார்க்க வேண்டும். அந்தக் காக்கில் கசிவைத் தடுக்கிற பேக்கிங் கெட்டுப்போனால் திருப்பவே பயமாக இருக்கும். பயந்தவன் ஊதிப் பார்க்க மாட்டான், லாக் புக்கில் மட்டும் டிக் போடுவான். கவசம் இல்லாத கேஜ் கிளாஸ் வெடித்து முகமும் கழுத்தும் வெந்துபோன ஒருவரோடு ஆறு வருடம் வேலை செய்திருக்கிறேன். டீ குடிக்கும்போதுகூட அவர் பாய்லருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை.

பாய்லருக்குத் தண்ணீர் போகிற பீட் லைனில், அதைத் திரும்ப விடாத நான்ரிட்டன் வால்வு ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பம்பு நின்றிருக்கும்போது பம்புப் பக்கத்துக் குழாயில் கை வைத்தால் போதும். சுட்டால், பாய்லர் தண்ணீர் திரும்பி வருகிறது என்று அர்த்தம். பம்பு சூடாகி, உள்ளே ஆவி கட்டி, சுற்றும். ஆனால் தண்ணீர் ஏற்றாது. ஒரு ஆலையில் பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திப் போர்த்தியே ஒரு சீசன் முழுவதும் ஓட்டினோம். வெட்கமாக இருக்கிறது சொல்ல. மாற்ற வேண்டியிருந்தது உள்ளங்கை அளவு ஒரு தட்டு மட்டும்.

உமியும் சாதாரணச் சரக்கில்லை. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். நாளைக்கு 40 டன் அரைக்கிற ஆலையில் 8 டன் உமி வரும். அத்தனையும் எரித்தால் ஒன்றரை டன் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சொந்தக்காரன். டியூபுக்குள் மணல் காகிதம் போட்டுத் தேய்ப்பது போல அது ஓடுகிறது. ஐடி ஃபேன் இறக்கையை ஒரு பக்கம் அதிகமாகத் தின்னும், ஃபேன் ஆட ஆரம்பிக்கும், பேரிங் போகும், ஃபவுண்டேஷன் போல்ட் தளரும். இரவில் ஃபேன் சத்தம் மாறுவது தூக்கத்தில்கூட எனக்குக் கேட்கும். அந்தக் காதைத்தான் நீங்கள் இரவு ஷிப்டிலிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வால்வுத் தண்டைச் சிக்க வைத்தது அதுதான். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துப் போர்வெல்லில் வருகிற தண்ணீர் எப்படி என்று துணி துவைக்கிற பெண்களைக் கேட்டாலே தெரியும், சோப்பு நுரைக்காது. அதனால்தான் தண்ணீரின் கடினத்தைப் போக்குகிற சாஃப்ட்னர். சாஃப்ட்னருக்கு அவ்வப்போது உப்புக் கரைசல் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருக்கிற மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உப்பு வாங்கவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் கடின நீரைப் பாய்லருக்கு விட்ட ஆலையை நான் பார்த்திருக்கிறேன். டியூபில் படிந்தது போக, மிச்சம் வால்விலும் காக்கிலும், அடித்தண்ணீரை வெளியேற்றுகிற புளோடவுனிலும்தான் போய் உட்காரும்.

"புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிமேல் இவ்வளவு கெடுபிடி கிடையாது" என்று ஒருவர் பேசினாராம். அவருக்கு மட்டும் ஒரு பத்தி. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான், 1864-ல் வங்காளத்தில் இதற்கென்று முதல் சட்டம் போட்டார்கள். 1923-ல் அது நாடு முழுவதற்கும் ஒரே சட்டமானது. 2025 மே 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய கொதிகலன் சட்டம் நடப்பில் இருக்கிறது. சில தவறுகளுக்குச் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தோடு விட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் உயிருக்கு உலை வைக்கிற தவறுகளுக்குச் சிறை அப்படியே இருக்கிறது, சேஃப்டி வால்வில் கை வைப்பது அதில் ஒன்று. பாய்லருக்குச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதும் மாறவில்லை. இரவு ஷிப்டில் சான்றிதழ் இல்லாத ஆளை நிறுத்துவது சட்டப்படி சரியா என்று, முடிவெடுக்கும் முன்னால் யாராவது ஆய்வாளரைக் கேட்டீர்களா?

திருவெறும்பூரில் அறுபதுகளிலிருந்து அனல் மின் நிலையங்களுக்குப் பாய்லர் செய்கிறார்கள். துவாக்குடி பக்கம் தெருவுக்குத் தெரு வெல்டர்கள். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் வால்வைத் தேய்த்து வாங்கி வந்துவிடலாம். டெல்டாவில் ஆள் கிடைக்கவில்லை, பட்டறை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. குறுவை அறுப்பு மழையோடு சேர்ந்து வருகிறது. ஈர நெல் வந்து குவிந்தால் ஒரு நாள் ஆலை நின்றாலும் களத்திலேயே முளைத்துவிடும். அதனால்தான் ஆடியில் பத்து நாள் கேட்கிறோம். ஐப்பசியில் பாய்லர் தானாக நின்றால் பத்து நாளோடு முடியாது.

நான் கேட்பது இதுதான். மூன்று நாள் முடிவை வாபஸ் வாங்குங்கள். ஆவணி பிறப்பதற்குள் ஒவ்வொரு ஆலையும் பத்து நாள் தீயை அணைக்கட்டும். அதில் முதல் இரண்டு நாள் ஆறுவதற்கு மட்டும், அதில் கை வைக்காதீர்கள். இரண்டு சேஃப்டி வால்வையும் கழற்றித் தேய்த்து, ஆவியில் தூக்க வைத்துப் பார்த்து, அதிகாரம் உள்ளவர் முன்னால் சீல் வைத்த பிறகுதான் நெல் ஏற வேண்டும். சீல் கம்பியும் அதைக் கடிக்கிற கருவியும் ஆலைக்குள் இருக்கக் கூடாது. கேஜ் கிளாஸ் நான்கு, அதற்கு வாஷர், மேன்ஹோல் கேஸ்கெட், கிளாண்ட் பேக்கிங், நான்ரிட்டன் வால்வு ஒன்று, ஃபேன் பேரிங் ஒரு ஜோடி, இவற்றை வாங்கி பாய்லர் ஷெட்டிலேயே ஒரு அலமாரியில் பூட்டி, சாவியைப் பயர்மேனிடம் கொடுங்கள். ஆபீஸ் பூட்டியிருக்கிற நேரத்தில்தான் இதெல்லாம் உடையும்.

இரவு ஷிப்டில் சான்றிதழ் பெற்ற ஆள் கண்டிப்பாக இருக்கட்டும். சம்பளம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது பிடியுங்கள். "நிறுத்தணும்" என்று அவர் சொன்னால் நிறுத்துங்கள். நிறுத்தச் சொன்னதற்காக அந்த நாள் கூலியை வெட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, எனக்கே வெட்டியிருக்கிறார்கள். அது போக வேண்டும். லாக் புக்கில் வாரம் ஒரு கையெழுத்து முதலாளியுடையதாக இருக்கட்டும், மேனேஜருடையது வேண்டாம். 'கேஜ் கிளாஸ் காக் ஒழுகுகிறது' என்று மூன்று வாரம் தொடர்ந்து எழுதியிருப்பதன் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், நான்காவது வாரம் அது மாறும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆயுத பூஜை அன்று எல்லா முதலாளிகளும் குடும்பத்தோடு வந்து பாய்லர் முன்கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறீர்கள். இந்த ஆடியில் சேஃப்டி வால்வைத் தூக்க வைத்துப் பார்க்கிற அன்றும் வாருங்கள். மேலே ஏற ஏணி இருக்கிறது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவன்,
மன்னார்குடி பக்கம்